நான் விழுங்கிய பெயர்

உண்ணாமலை கள்ள ஓட்டுப் போடவில்லை. தப்புச் செய்தவள் நான்.

சொல்லிவிட்டேன்! இத்தனை வருடங்களாகத் தொண்டைக்குள் கிடந்த வாக்கியம் இவ்வளவு சிறியது என்று இப்போதுதான் தெரிகிறது. இதை அன்றைக்கே, அந்த வாக்குச்சாவடியில், நாலு பேர் காதில் விழும்படி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் அந்தத் தெருவில் இல்லை என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களா? ஆம்... அதுவும் உண்மைதான்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. திருவண்ணாமலையிலேயே பிறந்து, வாழ்க்கைப்பட்டு, வேலை பார்த்தவள். எங்கள் ஊரைப் பற்றி ஒன்று மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே நீங்கள் ஒரு தெருவில் நின்று 'அண்ணாமலை' என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். 'அருணாசலம்' என்று கூப்பிட்டால் மிச்சமிருப்பவர்கள் திரும்புவார்கள். பெண்களில் பாதிக்குப் பாதி உண்ணாமலை. சாமிக்கும் மலைக்கும் என்னென்ன பெயர் உண்டோ அத்தனையும் மனிதர்களுக்கு வைத்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து வரும் தபால்காரர் பாடு திண்டாட்டம்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு கம்மி என்று எவரோ எப்போதோ சொல்லி வைத்தது. ஆஸ்பத்திரியில் கேட்டாலும் ரேஷன் கடையில் கேட்டாலும் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுச் சிரிப்பார்கள். கேட்டவரும் புரிந்துகொள்வார். ஊரின் எந்த மூலையில் நின்றாலும் மலை தெரிகிறதே... வசதியாகப் போய்விட்டது!

படிக்காதவர்களின் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டப்படிப்பும் பி.எட்.டும் முடித்த நானும் சொல்ல மாட்டேன். என் கணவர் பெயரும் அண்ணாமலைதான். இதோ, எழுதத்தான் முடிகிறது. வாய்தான் வராது. ஆசிரியர் அறையில் இதை வைத்து என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. நானும் அதை ஒரு பெருமை போல ரசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெருமைதான் ஒரு பெண்ணின் நல்ல பெயரைத் தின்றது.

தொண்ணூறுகளில் நடந்த ஒரு நகராட்சித் தேர்தல். அப்போது இயந்திரம் வரவில்லை. சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் போடும் காலம். செங்கம் சாலைக்குப் பின்புறத் தெரு ஒன்றிலிருந்த தொடக்கப் பள்ளியில் எனக்குத் தேர்தல் வேலை போட்டார்கள். வாக்காளர் பட்டியல் என் கையில். வருகிறவரின் பெயரைக் கேட்டு, பட்டியலில் தேடி, வரிசை எண்ணையும் பெயரையும் கணவர் அல்லது தந்தை பெயரையும் உரக்கப் படிக்க வேண்டும். எதிரே கட்சி ஏஜெண்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். ஆள் மாறியிருந்தால் அவர்கள் தடுக்கலாம். அதற்காகத்தான் உரக்கப் படிக்கச் சொல்கிறார்கள். எத்தனை எளிய ஏற்பாடு, பாருங்கள்! ஊரார் காதை நம்பி நடக்கிற ஏற்பாடு.

நான் எல்லாப் பெயரையும் உரக்கத்தான் படித்தேன். கணவர் பெயர் அண்ணாமலை என்று வரும் இடங்களில் மட்டும் குரல் தானாக இறங்கிவிடும். 'அண்...' என்று தொடங்கி மீதியை விழுங்கிவிடுவேன். அந்தத் தெருவில் எத்தனை அண்ணாமலைகள்! காலையிலிருந்து விழுங்கிக்கொண்டே இருந்தேன். ஏஜெண்டுகள் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

பதினோரு மணிக் கூட்டத்தில் அவள் வந்தாள். லாட்ஜ் உண்ணாமலை. அந்தத் தெருவில் இரண்டு உண்ணாமலைகள் நெருங்கிய சிநேகிதிகள் என்பதும், அடையாளத்துக்காக ஒருத்தியை லாட்ஜ் உண்ணாமலை என்றும் மற்றவளை ஆட்டோ உண்ணாமலை என்றும் கூப்பிடுவார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இவள் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைப்பவள். பாதித் துவைப்பில் ஓடி வந்திருந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பூத் சிலிப், பிரித்தால் மாவாகப் பிசுபிசுத்தது. எண் தெரியவில்லை.

"பேரும்மா?"

"உண்ணாமலைங்க."

"வீட்டுக்காரர் பேரு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜன்னல் வழியே தெரிந்த மலையை முகத்தால் காட்டினாள்.

"நம்ம சாமி பேருதாங்க டீச்சர்."

எனக்கும் சிரிப்பு வந்தது. நம் ஜாதிப் பெண் என்று ஒரு பிரியம்... ஜாதி என்றால் அந்த ஜாதி அல்ல. கணவன் பெயரைச் சொல்லாத ஜாதி! மலையைக் காட்டினாள், என் மனத்தில் மலைக்கு ஒரே பெயர்தான் உண்டு. பட்டியலில் விரலை ஓட்டினேன். உண்ணாமலை, கணவர் அண்ணாமலை. இருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன். எண்ணை உரக்கப் படித்தேன். உண்ணாமலை என்று உரக்கப் படித்தேன். அடுத்த பெயரை வழக்கம் போல விழுங்கினேன்.

விழுங்காமல் இருந்திருந்தால்? "அண்ணாமலை இல்ல டீச்சர், அருணாசலம்" என்று எதிரே இருந்த ஏதாவது ஒரு ஏஜெண்டு சொல்லியிருப்பார். அவர்கள் எல்லாம் அதே தெருக்காரர்கள்தானே! ஏன், அவளே கூடத் தலையை ஆட்டி மறுத்திருப்பாள். காதில் விழுந்தால்தானே மறுக்க முடியும்?

அருணாசலமும் இந்த மலைதான். அவள் பொய் சொல்லவில்லை. மலையைத்தான் காட்டினாள்... நான்தான் தப்பாகப் படித்தேன்.

அவள் விரலை நீட்டி மை வாங்கிக்கொண்டு, முத்திரை குத்தி, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடினாள். விரிப்புகள் ஊறிக்கொண்டிருக்குமே!

மூன்று மணிக்கு மேல், ஆட்டோ ஓட்டும் அண்ணாமலையின் மனைவி, ஆட்டோ உண்ணாமலை வந்தாள். வரும்போதே கூட நாலைந்து பெண்கள். வீடு வீடாகப் போய் அவர்களைக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். தெருவுக்குக் குழாய் வர வேண்டும் என்பதற்காக அந்தத் தேர்தலில் அவள் அலைந்த அலைச்சல் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்து நின்றாள். கையில் சிலிப் சுத்தமாக இருந்தது. எண்ணைப் பார்த்தேன், பட்டியலைப் பார்த்தேன். அந்தப் பெயருக்கு நான் ஏற்கெனவே கோடு போட்டிருந்தேன்.

"உங்க ஓட்டு போட்டாச்சும்மா," என்றேன்.

"இன்னா டீச்சர் சொல்றீங்க? நான் இப்பதானே வர்றேன்!" இரண்டு கைகளையும் என் மேசை மேல் விரித்து வைத்தாள். பத்து விரல்களிலும் மை இல்லை. "பாருங்க! நல்லா பாருங்க! என் பேருல எவ வந்து போட்டது?"

எதிரே இருந்த ஏஜெண்டு ஒருவர் எழுந்தார். "காலைல லாட்ஜ் உண்ணாமலை வந்துச்சே சார். அதுதான் இந்த ஓட்டையும் சேத்துப் போட்டிருக்கும்."

அந்த நொடியில் என் கண் பட்டியலில் கொஞ்சம் கீழே போயிற்று. உண்ணாமலை, கணவர் அருணாசலம். அந்த வரியில் கோடு இல்லை. சுத்தமாக இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அத்தனையும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது!

வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய நல்ல மனிதர். அதட்டத் தெரியாதவர். என் பக்கம் குனிந்து மெதுவாகத்தான் கேட்டார். "டீச்சர், காலைல புருஷன் பேரெல்லாம் சரியாப் பாத்துதானே கூப்டீங்க?"

சொல்லியிருக்கலாம். 'இல்லை சார், ஆள் மாறிவிட்டது, தப்பு என்னுடையது' என்று சொல்லியிருக்கலாம். கொஞ்சம் திட்டு விழும். விளக்கம் கேட்டு ஒரு தாள் வரும். தலை போயிருக்காது. ஆனால் எதற்காக ஆள் மாறியது என்று கேட்பார்களே? கணவர் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு விழுங்கினேன் என்று, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நான், அத்தனை ஆண்கள் முன்னால் எப்படிச் சொல்வேன்? தப்பே செய்யாத டீச்சர் என்று பெயர் வாங்கியிருந்த நான்...

"சரியாத்தான் சார் பாத்தேன்," என்றேன்.

அவர் என்னை நம்பினார், பட்டியலை வாங்கிக் கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் எல்லோரும் நம்பினார்கள்! அந்த அறையில் நம்பிக்கைக்குரியவள் என்று உட்கார வைக்கப்பட்டவள் நான்தானே?

இந்த மாதிரிச் சமயத்துக்குச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. தன் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்று வருகிறவரிடம் ஒரு தனிச் சீட்டுக் கொடுப்பார்கள். முத்திரை குத்தித் தரலாம். ஆனால் அது பெட்டிக்குள் போகாது. ஒரு உறைக்குள் போகும். கோர்ட்டு, வழக்கு என்று ஏதாவது வந்தால் ஒழிய அந்த உறையை யாரும் பிரிப்பதில்லை. எண்ணிக்கையிலும் சேர்வதில்லை.

ஆட்டோ உண்ணாமலை முத்திரை குத்தி மடித்துக்கொண்டு நேரே பெட்டிக்குப் போனாள். தலைமை அலுவலர் கையை நீட்டி வாங்கி உறையில் வைத்தார். அவள் என்னைப் பார்த்தாள். அவரை அல்ல, என்னை.

"டீச்சர், இது பெட்டிக்குள்ள போவாதா?"

"தனியா எண்ணுவாங்கம்மா," என்றேன். இது இரண்டாவது பொய். முதல் பொய்யை விட இது சுலபமாக வந்தது.

அவள் முகம் தெளிந்தது. "அப்ப சரி. எண்ணிட்டா போதும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தெளிந்த முகத்தை நான் மறக்கவில்லை. மறக்க விடுகிறதா அது?

உறை விஷயம் தெரிந்த எவரோ இரண்டு நாளில் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். உன் சீட்டை எவனும் பிரிக்கவே மாட்டான் என்று. அதன் பிறகு தெருவில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அந்தத் தெருவிலிருந்து வரும் எங்கள் பள்ளி ஆயா சொல்லித்தான் கேட்டேன். ஆட்டோ உண்ணாமலை நேராக லாட்ஜ் உண்ணாமலை வீட்டு வாசலில் போய் நின்றாளாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கையைப் பிடித்துக்கொண்டு மலை சுற்றி வந்தவர்கள். "உன் ஓட்டு உனக்குப் பத்தலியாடி? என் ஓட்டுலயா கை வைப்ப?" என்று கேட்டாளாம். அவள் மலையைப் பார்த்துச் சத்தியம் செய்தாளாம். தன் ஓட்டைத் தவிர வேறு எதையும் தொடவில்லை என்று அழுதாளாம். யார் நம்புவார்கள்? டீச்சரே சரியாகப் பார்த்துத்தான் கூப்பிட்டாராம்!

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. இரண்டு உண்ணாமலைகளைப் பிரித்துச் சொல்ல அந்தத் தெருவுக்கு எப்போதும் ஒரு அடைமொழி தேவைப்பட்டது அல்லவா? புதிதாக ஒன்று கிடைத்துவிட்டது. லாட்ஜ் உண்ணாமலை, 'கள்ள ஓட்டு உண்ணாமலை' ஆகிவிட்டாள். முதலில் கோபத்தில் சொன்னார்கள். பிறகு கோபம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. பால்காரர் கூட, "கள்ள ஓட்டு உண்ணாமலை வூட்ல அரை லிட்டர்" என்று சாதாரணமாகச் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவளுடைய மகள் செல்வி ஆறாம் வகுப்புக்கு எங்கள் பள்ளியில் வந்து சேர்ந்தாள். என் வகுப்பு! ஒரு நாள் பாடத்தின் நடுவே பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "ஏய் கள்ள ஓட்டு, ஸ்கேல் குடுடி" என்றாள். செல்வி ஸ்கேலை எடுத்துக் கொடுத்தாள். பழகியிருந்தாள். நான் அந்தப் பின் பெஞ்சுப் பெண்ணை எழுப்பி, இன்னொருவரைப் பழிப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று நீளமாகப் பேசி, வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன்.

யாரை வெளியே நிறுத்தியிருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

அன்று சாயங்காலம் செல்வி என்னிடம் வந்து, "தேங்க்ஸ் டீச்சர்" என்றாள். அப்போதாவது அவள் அம்மாவைத் தேடிப் போயிருக்கலாம். செங்கம் சாலை வரைக்கும் போனேன். பொய் சொல்லவில்லை, போனேன். தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே வீட்டு வாசலில் குடங்களோடு நாலைந்து பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். வருகிற வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். அதற்காகத்தான் வெளியே போனேன் என்று வீட்டில் சொன்னேன்.

என் ஒருத்தியின் தப்பு அந்த இரண்டு பெண்களோடு நின்றிருந்தால் கூட இத்தனை கனத்திருக்காதோ என்னவோ. அது தெருவுக்குள் இறங்கிவிட்டது. அடுத்தடுத்த தேர்தல்களில் அந்தத் தெருவிலிருந்து ஓட்டுப் போட வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்களாம். "எவனெவனோ போட்டுக்கிறான், நாம எதுக்கு வெயில்ல நிக்கணும்?" என்ற பேச்சு. ஆட்டோ உண்ணாமலையைக் கூப்பிடப் போனவர்களிடம் அவள், "என் ஓட்டு தானா நடந்து போயி வுழுந்துடும், நீங்க போங்க" என்றாளாம். வீடு வீடாகப் போய் மற்றவர்களைக் கிளப்பிக் கூட்டி வந்தவள்! தேர்தல் என்றாலே மோசடி என்று நம் ஜனங்கள் சொல்லும்போது பெரிய பெரிய ரவுடிகளையும் அரசியல்வாதிகளையும் நினைத்துக்கொள்கிறோம். அந்தத் தெருவில் அந்த நம்பிக்கையைக் கெடுத்தவள் கதர்ப்புடவை கட்டிய ஒரு டீச்சர்.

வருடங்கள் ஓடின. இயந்திரம் வந்தது, படம் போட்ட அட்டை வந்தது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த ஒரு தேர்தலில், வேறொரு டீச்சருக்கு உடம்பு சரியில்லாமல் போக, என்னை மாற்றிப் போட்டார்கள். போய்ப் பார்த்தால் அதே தொடக்கப் பள்ளி. அதே அறை. அதே ஜன்னல். மலையும் அங்கேயேதான் இருந்தது.

முற்பகலில் அவள் வந்தாள். தலை நரைத்திருந்தது. சோப்புத் தண்ணீரில் கிடந்து கிடந்து விரல்கள் வெளுத்திருந்தன. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினாள். பிறகு அட்டையை என் முன்னால் வைத்தாள். அட்டையில் எல்லாம் இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

"உண்ணாமலை," என்றாள். அதன் பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, அந்த அறை முழுக்கக் கேட்கும்படி, "வூட்டுக்காரரு பேரு அருணாசலம்!" என்றாள்.

ஆண்கள் வரிசையில் யாரோ சிரித்தார்கள். "இன்னாக்கா, புருஷன் பேர ஏலம் வுடற?"

அவள் திரும்பவில்லை. ஏஜெண்டுகளைப் பார்த்தாள். "எல்லாருக்கும் கேட்டுச்சா? அருணாசலம். நல்லா எழுதிக்கோங்க." அவளுடைய கணவர் அதே ஆண்கள் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அவள் என் மேசைப் பக்கம் குனிந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"டீச்சர், அன்னிக்கி நீங்க கேட்டீங்க. நான்தான் வாயத் தொறந்து சொல்லாம மலையக் காட்னேன். அதுலதான் ஏதோ தப்பாப் பூட்சின்னு ரொம்ப நாளு கழிச்சித்தான் எனக்கே தோணுச்சி. என்னால உங்களுக்கும் அன்னிக்கி ரோதனை. செல்வி வேற உங்களப் பத்தி அவ்ளோ நல்லா சொல்லும்... மன்சுல வெச்சிக்காதீங்க டீச்சர்."

இதோ, இந்த இடம்தான். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன்.

ஏஜெண்டுகள் எதிரே இருந்தார்கள். தெருக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அவளே வாசலைத் திறந்து வைத்துவிட்டாள். ஒரு வார்த்தை போதும். எழுந்து நின்று, 'தப்பு உன்னுடையது இல்லை உண்ணாமலை, என்னுடையது' என்று சொன்னால் போதும். பால்காரர் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். என் வேலைக்கும் அதற்கு மேல் என்ன கெட்டுவிடப் போகிறது? ஓய்வு பெறப்போகிறவள்!

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பரவாயில்லம்மா... இருக்கட்டும்," என்றேன்.

அவளை நான் மன்னித்தேன்! என் தப்புக்காக அவளை, பெரிய மனது பண்ணி, மன்னித்தேன்! அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ வருடப் பாரம் இறங்கிவிட்ட முகம் அது. மை வைக்க விரலை நீட்டிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள். இயந்திரம் 'பீப்' என்று கத்தியது. அவள் வெளியே இறங்கிப் போகும்போது வாசலில் யாரோ, "கள்ள ஓட்டு உண்ணாமலை போட்டுட்டுப் போவுது, அடுத்த ஆளு வாங்க" என்று சாதாரணமாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

அடுத்து வந்தவள் ஒரு இளம்பெண். கையில் குழந்தை. அட்டையை வாங்கிப் பட்டியலில் தேடினேன். எண்ணைப் படித்தேன், அவள் பெயரைப் படித்தேன். கணவர் பெயர் அண்ணாமலை.

ஏஜெண்டு ஒருவர் தலையை நிமிர்த்தினார். "கேக்கல டீச்சர். சத்தமா சொல்லுங்க."

எண்ணை மட்டும் மறுபடியும் படித்தேன்.